அசல் பூச்சு

காஞ்சிபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் இரண்டாம் உலக யுத்த காலத்து ஜீப் ஒன்று வந்தது. ராணுவக் கணக்கில் அது கால் டன் டிரக். எஞ்சின் மேல் கறுப்புப் பெயிண்ட். உதிர்ந்த இடங்களில் பச்சை. எது அசல் நிறம் என்று என்னைக் கேட்டார். பாங்க் குமாஸ்தாவுக்கு இதில் என்ன தெரியும்? ஆனால் நான் விமர்சகனும்கூட. "எல்லாவற்றையும் சுரண்டுங்கள், அசல் அடியில் இருக்கும்" என்றேன். வயர் பிரஷ்ஷும் உப்புத்தாளும் இரண்டே நாளில் எஞ்சினை வெற்று இரும்பாக்கிவிட்டன. அந்த ரூபத்தில் அது எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வெளிவந்ததில்லை.

பிறகுதான் விசாரித்தேன். யுத்தகால ஜீப்பைப் பெருமளவில் செய்தவை இரண்டு கம்பெனிகள். ஃபோர்டு தன் எஞ்சினுக்குச் சாம்பல் நிறம் பூசியது, வில்லிஸ் பச்சை. ராணுவப் பட்டறைகள் எஞ்சினைப் பிரித்துக் கோத்தபோது மறுபடியும் பூசின. டைனமோவைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றியபோது, அதன் பின்னால் ரூபாய் நாணய அளவு சாம்பல் நிறம் தப்பியிருந்தது. ஓரத்தில் அதன் மேல் பச்சை ஏறியிருந்தது. யுத்தத்துக்குப் போனது எந்த நிறம்? சொல்லக்கூடிய சாட்சியங்களை நான்தான் சுரண்டச் சொல்லியிருந்தேன்.

எங்கள் ஊர்க் கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் மணற்கல்லின் எளிமையை வியக்கிறார்கள். நானும் வியந்து எழுதியிருக்கிறேன். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் காலத்தில் அந்தக் கல்லின் மேல் சுதை பூசி வண்ணம் தீட்டியிருந்தார்கள். 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ-துப்ரேய் பிராகாரத்துச் சிறு சந்நிதிகளில் அந்த ஓவியங்களின் மிச்சத்தைக் கண்டார். வெயிலும் மழையும் எட்டாத மூலைகளில், பிற்காலச் சுண்ணாம்பின் அடியில் அவை பிழைத்திருந்தன. வெற்றுக் கல்லின் மேலுள்ள மோகம் பல்லவனுடையதல்ல, நம்முடையது.

கவிதையிலும் இதையே செய்கிறோம். அலங்காரத்தை உரித்தால் அனுபவத்தின் அசல் கிடைக்கும் என்று நம்புகிறோம். பூச்சும் அசலின் பகுதியாக இருந்திருக்கலாம் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

பிரதானமாக எனக்கு உறுத்துவது வேறு. சுண்ணாம்பு அடித்தவன் ஓவியம் பற்றிய பிரக்ஞையே இல்லாமல் அடித்திருக்கலாம். அவன் மறைத்ததைப் பின்னால் மீட்க முடிந்தது. உண்மையை அறிய விரும்பிய நான் சுரண்ட வைத்ததை இனி எவரும் மீட்க முடியாது. நல்ல நோக்கம் இதில் எந்தச் சமாதானமும் தரவில்லை. விரலளவு சுரண்டிப் பார்த்து, மீதியை நம்மைவிட நன்றாகப் பார்க்கத் தெரிந்தவனுக்கு விட்டுவைப்பதே அறிதலின் ஒழுக்கம் என்று இப்போது படுகிறது.

நண்பர் எஞ்சினுக்குச் சாம்பல் நிறமே பூசினார். பிராக்கெட்டுக்குப் பின்னாலிருந்த அந்த இடத்தை மட்டும் தொடவில்லை. "யாராவது கேட்டா காட்டணுமே, சார்" என்றார்.