நேரில் வந்த இறைவன்



திருவருகைக்காலத்தின் இந்த நான்காம் ஞாயிறன்று, மரியா யூதேய மலைநாட்டுக்கு விரைவதைக் கேட்டோம். முதிர்ந்த வயதில் கருவுற்றிருக்கும் எலிசபெத்துக்கு அவர் ஆள் அனுப்பி நலம் விசாரிக்கவில்லை. கலிலேயாவிலிருந்து வழிநடந்து, வீட்டுக்குள் நுழைந்து, வாழ்த்துகிறார். குரல் காதில் விழுந்ததும் எலிசபெத்தின் வயிற்றிலிருந்த குழந்தை மகிழ்ச்சியால் துள்ளுகிறது. ஆண்டவரின் பேழை எருசலேமுக்குள் வந்தபோது தாவீது அரசரும் தம் நிலையை மறந்து ஆடினார். ஆண்டவர் அருகே வந்தால் உடம்பும் சும்மா இருப்பதில்லை.

ஆட்டம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் பங்குக் குடும்பங்களில் சிலர் இந்த டிசம்பரில் நியூயார்க் லிங்கன் சென்டருக்குப் போய் 'நட்கிராக்கர்' பாலே பார்த்து வந்திருக்கிறீர்கள். சைக்கோவ்ஸ்கியின் இசையில் அது 1892-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியபோது விமர்சகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. மேடையில் இத்தனை சிறுபிள்ளைகளா என்று குறைசொன்னார்கள். மறு ஆண்டே சைக்கோவ்ஸ்கி இறந்துபோனார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சிறுவயதில் அதே பாலேயில் ஆடிய ஜார்ஜ் பாலன்சின், 1954-இல் நியூயார்க்கில் அதைப் புதிதாக அமைத்தார். இன்றும் அதில் பாலே பள்ளிப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அன்று குறையாகப் பட்ட பிள்ளைகளைப் பார்க்கத்தான் இன்று குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வருகிறது. குழந்தையாக வந்த இறைவனையும் பெரியவர்கள் பலர் பொருட்படுத்தவில்லை, இடையர்கள்தான் ஓடிவந்தார்கள்.

பாலேயின் கதையும் கிறிஸ்துமசுக்கு முந்தின இரவில்தான் நடக்கிறது. சிறுமி மரீக்குக் கொட்டையுடைக்கும் மரப்பொம்மை ஒன்று பரிசாகக் கிடைக்கிறது. அழகான பொம்மையும் அல்ல. பொறாமையில் தம்பி அதை உடைத்துவிடுகிறான். விருந்தாளிகள் போன பிறகு, வீடு உறங்கும் நேரத்தில், அவள் மட்டும் இறங்கி வந்து, உடைந்த பொம்மையை அணைத்துக்கொள்கிறாள். எலிகளின் அரசன் அதைத் தாக்கும்போது தன் காலணியைக் கழற்றி எறிந்து காப்பாற்றுகிறாள். அந்தப் பொம்மைதான் பிறகு இளவரசனாகிறது. உடைந்ததைத் தேடி இறங்கி வரும் அன்பைப் பற்றித்தானே கிறிஸ்துமஸும் பேசுகிறது! நம்மைச் சரிசெய்துகொண்டு வரச்சொல்லிக் கடவுள் காத்திருக்கவில்லை. உடல் எடுத்து, நம் நடுவே வந்தார்.

இந்த பாலேயை வீட்டுத் திரையிலும் பார்க்கலாம். இருந்தும் குளிரில், டிக்கெட் வாங்கி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அரங்கில் ஆடுபவரின் மூச்சிரைப்பும் காலடி ஓசையும் நம்மை எட்டுகின்றன. கால் தவறினால் வெட்டி ஒட்ட வழியில்லை. எழுந்து தொடர வேண்டும். அந்த மாலை, அங்கே கூடியிருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. இது தெரிந்த நாம், திருப்பலியை மட்டும் சோபாவில் சாய்ந்தபடி கைப்பேசியில் பார்த்தால் போதும் என்று ஏன் நினைக்கிறோம்? நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் அது பெரிய உதவி. கால் திடமாக உள்ளவர்களுக்கு அது சாக்கு. நற்கருணையைத் திரை வழியாக உண்ண முடியாது.

அன்பர்களே, கிறிஸ்துமசுக்கு இன்னும் சில நாள்களே உள்ளன. வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் படம் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இராதீர்கள். முதியோர் இல்லத்தில் இருப்பவர், புதிதாக ஊரிலிருந்து வந்து தனியாகத் தங்கியிருக்கும் மாணவர், பேச்சுவார்த்தை நின்றுபோன உறவு என ஒருவரையாவது இந்த வாரம் நேரில் போய்ப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். மரியாவைப் போல் நீங்களும் ஆண்டவரைச் சுமந்து செல்லுங்கள். ஆமென்.