முளைவிடும் இரக்கம்

கிணற்றில் தவறி விழப்போகும் குழந்தையைக் கண்டால் எவர் நெஞ்சும் பதறும். பெற்றோரின் நன்றியையோ ஊராரின் புகழையோ எண்ணி அல்ல. எண்ணம் எழுமுன்பே பதற்றம் வந்துவிடுகிறது. கன்ஃபூசியஸ் வழிவந்த மென்சியஸ், கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே இதை மனிதநேயத்தின் முளை என்றார். கூடி வாழும் விலங்குகளின் இயல்புணர்விலேயே நம் அறவுணர்வின் வேர் இருப்பதாக 1871இல் டார்வின் எழுதினார். ஆக, இரக்கம் யாரோ வெளியிலிருந்து நமக்கு ஊட்டியதல்ல. ஆனால் இயற்கை தந்தது முளையை மட்டும்தான். அதுவும் கண்ணெதிரே இருப்பவர் பக்கமே முதலில் சாயும். பலிக்கு இழுத்துச் செல்லப்பட்ட எருதைப் பார்த்து மனமிரங்கி அதை விடுவித்தான் பண்டைய சீனாவின் சீ நாட்டு அரசன். எருதுவரை எட்டிய அந்த இரக்கம் குடிமக்களை ஏன் எட்டவில்லை என்று அவனிடம் நேருக்கு நேர் கேட்டார் மென்சியஸ்.