மாற்று விகிதம்

ராஜபாளையத்திலிருந்து லண்டனுக்குப் படிக்கப் போயிருந்த பையன் ஒருவன், விடுமுறைக்கு வந்தபோது தன் செலவு நோட்டை என்னிடம் காட்டினான். பக்கத்துக்கு இரண்டு பத்தி. இடப்பக்கம் பவுன், வலப்பக்கம் ரூபாய். ரொட்டி, பால், பஸ், அறை வாடகையில் தன் பங்கு என்று எல்லாம் இரண்டு தடவை எழுதப்பட்டிருந்தன. நாலு மாதம் தாண்டியதும் பக்கங்கள் மெலிந்துகொண்டே வந்தன. சில நாட்களில் ரொட்டியும் பாலும் மட்டும்.

“வெளியில ஒரு காப்பி குடிச்சா, எங்கப்பா செட்டுல ஒரு ஆளுக்குக் கொடுக்கிற கூலியில பாதி போயிருது சார். எப்படிக் குடிக்கிறது?” என்றான்.

அவன் அப்பாவுக்குச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் சில இருக்கின்றன. படிப்புக்காக வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. அம்மாவின் நகை வேறோர் இடத்தில். அவள் அடகு வைத்ததும் பவுன், அவன் அங்கே எண்ணியெண்ணிச் செலவழிப்பதும் பவுன். சொல் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது தற்செயலாகத் தெரியவும் இல்லை.

பாராட்டத்தான் முதலில் தோன்றியது. பிறகு சங்கடமாக இருந்தது. வலப்பக்கத்துப் பத்தி நியாயமானதா என்ற கேள்வியாக அந்தச் சங்கடத்தை மாற்றிப் பார்க்கலாம்.

பொருளாதாரம் படித்தவர்கள் அந்தப் பத்தியைப் பிழை என்பார்கள். விலை இடத்தோடு ஒட்டியது. லண்டன் காப்பியின் விலைக்குள் லண்டன் வாடகையும் லண்டன் கூலியும் இருக்கின்றன. சத்திரப்பட்டிக் கூலிக்குள் சத்திரப்பட்டி அரிசி விலை இருக்கிறது. இரண்டையும் வாங்கும் சக்தியை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டால் ஒரு பவுன், சந்தை சொல்கிற ரூபாயைவிட வெகுவாகக் குறைந்த ரூபாய்க்கே சமம். பையனுடைய வலப்பக்கத்துக் காப்பி இந்த உலகத்தில் எங்கும் விற்கப்படாத காப்பி.

வாதம் சரி. ஆனால் வங்கி இந்த வாதத்தைக் கேட்பதில்லை. 2025ன் தொடக்கத்தில் லண்டனில் படிக்க விசா கேட்பவன், வாழ்க்கைச் செலவுக்கென்று மாதம் 1,483 பவுன் வீதம் ஒன்பது மாதத்துக்கு 13,347 பவுன் இருப்பதாகக் காட்ட வேண்டியிருந்தது. கல்விக் கட்டணம் தனி. இந்தத் தொகை ராஜபாளையத்தில் சந்தை விகிதத்தில்தான் திரட்டப்படுகிறது. 13 லட்சத்துக்கு மேல். செலவாகும் இடத்தில் பொய்யாக இருக்கும் விகிதம், பணம் புறப்பட்ட இடத்தில் உண்மையாக இருக்கிறது. பையன் ஒரே சமயத்தில் இரண்டு இடத்திலும் இருக்கிறான். அவன் பிரச்னையைப் பொருளாதாரத்தால் தீர்க்க முடியாதது இதனால்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875ல் ஏற்பட்ட பென்னிங்டன் நூலகத்தில் ‘சத்திய சோதனை’யை மறுபடி எடுத்துப் பார்த்தேன். லண்டன் அத்தியாயங்களை நாம் வழக்கமாக மரக்கறி உணவுக்காகப் படிக்கிறோம். கணக்கு நோட்டுக்காகவும் படிக்கலாம். 1888ல் அங்கே போய்ச் சேர்ந்த காந்தி முதலில் கனவானாகப் பார்த்தார். பாண்ட் தெருவில் 10 பவுனுக்கு மாலை உடுப்பு, நடன வகுப்புக்கு 3 பவுன், வயலினுக்கு 3 பவுன். அனுப்பியது அண்ணன். இந்த மயக்கம் சுமார் மூன்று மாதம். பிறகு பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகைக் காசு வரை எழுதி, இரவு படுக்குமுன் இருப்பைச் சரிபார்த்தார். பஸ்ஸை விட்டு, நாளுக்கு எட்டுப் பத்து மைல் நடந்தார். கடைசியில் ஒற்றை அறை, ஓர் அடுப்பு, ஓட்ஸ் கஞ்சி, கோகோ, ரொட்டி. நாளுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸில் வாழ்ந்ததாக எழுதுகிறார்.

இந்தச் சிக்கனத்தின் பலனாக அவர் முக்கியமாகச் சொல்வது மிச்சமான தொகையை அல்ல. உள்வாழ்வும் வெளிவாழ்வும் இசைந்தன, குடும்பத்தின் நிலைக்கு வாழ்க்கை பொருந்தி வந்தது, அது அதிக உண்மையானதாயிற்று, சந்தோஷமாக இருந்தது என்கிறார். சந்தோஷம் என்ற சொல் கவனத்துக்குரியது. பையனுடைய நோட்டில் அதைக் காணோம். காந்தியின் நடை பஸ் காசை மிச்சப்படுத்தியது. லண்டனையும் அவருக்குக் கொடுத்தது. பையனுடைய சிக்கனம் லண்டனை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது. வகுப்பு முடிந்து சக மாணவர்கள் எங்காவது உட்காரப் போகும்போது இவன் அறைக்குத் திரும்பிவிடுகிறான்.

ராமானுஜனின் கணக்கு இன்னொரு வகை. 1914ல் கேம்பிரிட்ஜுக்குப் போகுமுன் சென்னைத் துறைமுகத்தில் அவர் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது. அதில் 50 பவுன் ஊரில் குடும்பத்துக்குப் போக ஏற்பாடு. அன்றைய விகிதத்தில் பவுனுக்கு 15 ரூபாய். 50 பவுன் என்றால் 750 ரூபாய், அவருடைய பழைய ஆண்டுச் சம்பளத்தைப் போல இருமடங்குக்கும் மேல். தானே சமைத்துச் சாப்பிட்டார். 1919 ஜனவரியில், நோயாளியாகப் பட்னியில் இருந்தபோது, ஊர் திரும்பிய பிறகும் ஆண்டுக்கு 250 பவுன் உண்டு என்று செய்தி வந்தது. தேவைக்கு அதிகம் என்று பட்டது அவருக்கு. பெற்றோருக்கு 50 பவுன் போக, தம் அவசியச் செலவு போக, மீதத்தை ஏழை மாணவர்கள், அநாதைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்தச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் இறந்துபோனார்.

ராமானுஜனிடமும் வலப்பக்கத்துப் பத்தி இருந்திருக்கிறது. ஆனால் அங்கே பவுன் நிஜமாகவே ரூபாயாக மாறி, நிஜமாகவே ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

பையனிடம் எனக்கு ஏற்பட்ட சங்கடம் இப்போது சற்றுத் தெளிவாகிறது. குடிக்காத காப்பியின் காசு அந்தத் தறியாளிடம் போகவில்லை. அவர் கூலி அதனால் ஒரு பைசா உயரவில்லை. அவரை ஓர் அளவுகோலாக மட்டும் எடுத்துப் போய், தன் மனத்தை அளந்துகொள்ள உபயோகித்திருக்கிறான். அப்பாவும் அம்மாவும் அப்படித்தான். செயலாக மாறாத மாற்று விகிதம் நம்மை நாமே நல்லவர்களாகக் காணும் கண்ணாடி. குற்ற உணர்வைக் கடனடைப்பதாக நினைத்துக்கொள்கிறோம். கடன் அப்படியே இருக்கிறது.

இது ஊதாரியின் வாதமாகவும் திரும்பக்கூடியது என்று எனக்குத் தெரியும். “லண்டனில் இருப்பவன் லண்டன்காரனாக இருக்க வேண்டாமா?” என்பதுதான் பாண்ட் தெரு உடுப்பின் நியாயமும். ஆகவே நோட்டைத் தூக்கிப் போடு என்று நான் சொல்லவில்லை. நோட்டு எதைக் காப்பாற்றுகிறது என்று கேட்கிறேன்.

அம்பேத்கரை இங்கே நினைக்க வேண்டும். பரோடா உபகாரச் சம்பளத்தின் காலம் முடிந்ததால் 1917ல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பியவர் அவர். பம்பாயில் ஆசிரியராக இருந்து சேர்த்த பணம், கோலாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவி, நண்பரிடம் கடன், இவற்றோடு 1920ல் மறுபடி போனார். அரைப்பட்டினியாக நாளெல்லாம் நூலகங்களில் கழித்தார் என்று வரலாறுகள் சொல்கின்றன. வயிற்றில் மிச்சம் பிடித்தார்; புத்தகத்தில் பிடிக்கவில்லை. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தச் சிக்கனத்தில் பிறந்த ‘ரூபாயின் பிரச்னை’ 1923ல் வெளிவந்தது. வெளியில் ரூபாயின் மாற்று விகிதம் நிலையாக இருப்பதைவிட, உள்நாட்டில் அதன் வாங்கும் சக்தி நிலையாக இருப்பதே முக்கியம் என்பது அதன் வாதங்களில் ஒன்று. பையனுடைய இரண்டு பத்திகளுக்கும் இடையில் இருப்பதும் அதே பிரச்னைதான்.

ஆனால் அந்த ஆண்டுகளில் பம்பாயில் வறுமையோடு குடும்பம் நடத்தியவர் ரமாபாய். ஒருவருடைய சிக்கனம் எப்போதும் இன்னொருவர் வீட்டிலும் நடக்கிறது. புத்தகத்தின் அட்டையில் ஒரு பெயர்தான் அச்சாகிறது.

ஆகவே வலப்பக்கத்துப் பத்தியை அழித்துவிட முடியாது. அது நினைவு. அதன் இடம்தான் தவறு. ஒவ்வொரு ரொட்டிக்கும் காப்பிக்கும் எதிரில் அது நிற்கும்போது, பையன் எதையும் அடைக்காமல் எல்லாவற்றுக்கும் வெட்கப்படுகிறான். வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்து வாங்கியது அந்த ஊரில் இருக்கும் இரண்டு வருஷத்தை. வாங்கியதைப் பிரிக்காமல் வைத்திருப்பது சிக்கனமாகாது. அன்றாடத்தைப் பவுனில் மட்டும் எழுதலாம், ஒரு வரம்பு வைத்துக்கொண்டு. ரூபாயை மாதக் கடைசியில், மொத்தத்துக்கு எதிரில் ஒரு தடவை எழுதலாம். அப்போது அது வெட்கமாக இல்லாமல் கடனாகத் தெரியும். கடனை அடைக்கலாம். வெட்கத்தை அடைக்க முடியாது.

குமாரசாமி ராஜா தம் வீட்டையே கொடுத்து, அது காந்தி கலை மன்றமாக இருக்கிற ஊர் இது. அந்தப் பக்கம் நடந்துபோகையில் இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். மறுநாள் அவன் புறப்பாடு. அம்மாவுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கப் போய்க்கொண்டிருந்தோம். நிதானமாகக் கேட்டுக்கொண்டான்.

“பத்திரம் வீட்டுக்கு வரட்டும் சார், அப்புறம் காப்பி குடிக்கிறேன்” என்றான்.

என்னிடம் பதில் இல்லை. வங்கியில் இருப்பது என் வீட்டுப் பத்திரம் அல்ல.