கற்பென்னுஞ் சொல்லும் பாண்டிமாதேவியாரும்

கற்பென்னுஞ் சொற்கு இந்நாளில் வழங்கும் பொருள் மிகச் சுருங்கியது. கணவன் சொல்லைக் கடவாமையே கற்பு என்று பலர் அமைந்துவிடுகின்றனர். தொல்காப்பியர் கருதியதோ, மகட்கொடைக்கு உரிமையுடைய சுற்றத்தார் தரத் தலைவன் சடங்கொடு ஏற்கும் மணவாழ்க்கையை. அது களவின் பின்னதாய் இருவர்க்கும் உரிய ஒழுக்கம். மதுரையாசிரியர் நச்சினார்க்கினியர், பெற்றோர் முதலாயினார் கற்பித்தலாற் பிறந்த பெயர் இஃதென்பர்; அங்ஙனங் கற்பித்தவற்றுள், கணவனின் மேலான தெய்வம் இல்லை என்பதனையும் வைப்பர்.

ஈண்டே ஐயம் எழுகின்றது. அம்மதுரையிலே, கி.பி. 7-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் நெடுமாறன் சமண்சமயம் புக்கான். நாடும் அவன்வழிச் சென்றது. சோழர் மகளாராகிய மங்கையர்க்கரசியாரோ, அமைச்சர் குலச்சிறையாரைத் துணைக்கொண்டு சிவநெறியிலேயே நின்றார். கணவன் கொண்ட சமயத்தைக் கொள்ளாத இவரைக் கற்புடையார் என்பது யாங்ஙனம்?

விடை சேக்கிழார் வாக்கிலே கிடக்கின்றது. திருமறைக்காட்டிலிருந்து ஆளுடைய பிள்ளையாரை ஆலவாய்க்கு எழுந்தருளுவித்தவர் அம்மையாரே. மடத்தில் இட்ட தீயைப் பிள்ளையார் பாண்டியன்பால் விடுத்தபோது, மெல்லச் செல்லுமாறு பணித்தார். மெல்ல என்றது எற்றுக்கு? சேக்கிழார் காரணம் ஐந்து கூறினார். அவற்றுள் முதற்கண் நின்றது அம்மையாரின் மங்கலநாணைக் காத்தல். குலச்சிறையார் அன்பும், அரசன் பிழையும், அவன் மீண்டு சைவனாகும் விதியும், திருநீற்றால் தீண்டப்பெறும் பேறும் அதன் பின்னரே வந்தன. கணவனொடு சமயம் மாறுபட்ட ஒருவர்தம் தாலிக்காகத் தீயும் நடை தளர்ந்தது! வெப்புநோயால் அரசன் துடித்த காலத்து, பிள்ளையாரை அழைப்பித்தற்கு அவன் இசைவு பெற்றவரும் இவரும் அமைச்சருமே. கணவனைக் கைவிட்டார் செய்கையோ இது?

கொழுநனைத் தொழுதெழுவாளைப் பாராட்டிய குறளை எடுத்துக்காட்டி மறுப்பாரும் உளர். கணவனும் மலமுடைய பசுவே. பசுவைப் பதியென வைத்துப் பதியைத் தொழாதொழிதல் சித்தாந்திகளுக்கு ஆகாது. பதிவிரதை என்னும் வடசொல்லிற் பதி கணவனைக் குறிக்கும். நம் சாத்திரத்திற் பதி யாரென்பதை இவ்விதழ் படிப்பார்க்கு யான் உரைத்தல் மிகை. அன்றியும், அக்குறளை அடுத்தே, தன்னைக் காத்தலை முன்னும் கணவனைப் பேணலைப் பின்னுமாக வள்ளுவர் வைத்த முறையை அவர் நோக்கிற்றிலர். அம்மையார் சிவநெறியில் தம்மைக் காத்திலரேல், வையையில் ஏடு எதிரேறித் திருவேடகம் சேர்ந்த நாளிற் கூன் நிமிர்ந்து நின்றசீர் நெடுமாறர் ஆவதற்கு அரசன் உளனோ?

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் இவ்விருவரையும் ஒருங்கு வைத்திலர். நெடுமாறர் ஒரு பாட்டில். அம்மையார் பிறிதொரு பாட்டில், தம் தொண்டினாலேயே தனியடியாராக. குருபூசையும் அரசர்க்கு ஐப்பசிப் பரணியிலும், அம்மையார்க்குச் சித்திரை உரோகிணியிலும் வேறுவேறாகவே நிகழ்ந்து வருகின்றது.