சோற்றுக்கு விலை வைப்பது பாவமா?

சமைத்த சோற்றைக் காசுக்கு விற்பது பாவமா? என் அப்பாயிக்கு இதில் சந்தேகமே இருந்ததில்லை. "சோத்த வித்துத் திங்கிற குடும்பம் தழைக்காது" என்பார். இலங்கை மலையகத்தில், கலஹா டவுனுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் வாழ்ந்து, கொழுந்து பறித்தே காலத்தைக் கழித்தவர். டவுனுக்கு இறங்கினால் கடையில் பிளேன்டீ குடிப்பார். சோறு மட்டும் சாப்பிட மாட்டார். மடியில் கட்டி வந்த ரொட்டியைத்தான் பிரிப்பார். அவருக்குப் படிப்பில்லை, ஆனால் அவர் சொன்னதற்கு ஏட்டில் ஆதாரம் உண்டு. பிராமணன் விற்கக் கூடாத பொருள்களைச் சொல்லும் மனுஸ்மிருதி, சமைத்த அன்னத்தையும் அதில் சேர்த்திருக்கிறது.

அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளிக்கூட வாத்தியாராக இந்த ஊர்க் கடைகளில் சாப்பிட்டே வளர்ந்த உடம்பு இது. பஸ் நிற்கும் இடத்துக்குக் கிட்ட ஒரு கடை. காலையில் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த ரொட்டியைக் கல்லில் போட்டு, விரல் நுனியால் திருப்புவார்கள். கூடவே கட்டச்சம்பல், தண்ணீர்ப் பதத்தில் பருப்பு. மத்தியானம் சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, கீரைச் சுண்டல், சம்பல். மீனோ கருவாடோ வேண்டுமென்றால் தனிக் காசு. தட்டில் சோறு குறைகிறபோது முதலாளியே வாளியோடு வந்து, "இன்னும் போடவா?" என்பார். அந்த இரண்டாம் சோற்றுக்குக் காசில்லை. ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கி வந்த தோட்டத்துப் பெண்ணும், சிங்கள பஸ் கண்டக்டரும், தெல்தோட்டையிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரியும் ஒரே வாங்கில் உட்கார்ந்து சாப்பிடுவதை அங்கே பார்க்கலாம்.

இப்படி ஒரே வாங்கில் உட்காருவது சின்ன விஷயமில்லை. சாதியைச் சொல்லி உணவகத்தில் இடம் மறுப்பதைக் குற்றமாக்க இந்த நாட்டுக்கு 1957இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் போராடித்தான் நுழைந்தார்கள்.

சோற்றை விற்பதா கொடுப்பதா என்று யோசிக்கும்போது, 1867ஆம் ஆண்டை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அந்த வருஷம் மே மாதத்தில் வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி மதம் பாராமல் பசித்தவர்களுக்குச் சோறு போட அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அதே 1867இல்தான், கலஹாவைத் தாண்டிப் போனால் வரும் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். ஒரு பக்கம் தமிழனின் பசியை ஆற்ற ஒரு அடுப்பு. இன்னொரு பக்கம் அதே பசியை நம்பி ஆள் சேர்த்த ஒரு தொழில். பத்து வருஷத்துக்குள் தமிழ்நாட்டைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. எங்கள் ஆட்கள் கடல் தாண்டி இந்த மலைக்கு நடந்தார்கள்.

இங்கேயும் அவர்களுக்குச் சோறு கிடைத்தது. தோட்டமே அரிசி கொடுத்தது. கொடுத்த அரிசிக்குச் சம்பளத்தில் வெட்டியது. கங்காணியிடம் பட்ட கடன் ‘துண்டு’ என்ற கடன் சீட்டில் ஏறி, தோட்டம் விட்டுத் தோட்டம் ஆளோடு போனது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. கையில் காசு வராமல் அரிசி வந்த காலத்தில், பிடிக்காத சோற்றை வேண்டாமென்று தள்ள எவருக்கும் வழியில்லை. அப்பாயியின் சொல்லுக்குப் பின்னால் சாஸ்திரத்தைவிட அந்த வலிதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கொடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் கதை அதைச் சொல்கிறது. மதுரையில் சிந்தாதேவி தந்த அமுதசுரபியால் ஊர்ப் பசியை ஆற்றியவன் அவன். இந்திரன் வந்து வரம் கேள் என்றபோது, தனக்கு எதுவும் வேண்டாமென்று சிரித்தான். கோபம் கொண்ட இந்திரன் பாண்டி நாட்டில் மழையைக் கொட்டினான். நாடு செழித்தது, பசியென்று வர ஆளில்லாமல் போனது. பாத்திரத்தோடு சாவகத்துக்குக் கப்பலேறியவன், வழியில் மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் போட்டுவிட்டு, உண்ணாமல் உயிர்விட்டான். அள்ள அள்ளக் குறையாத பாத்திரமும் வாங்குகிற கை இல்லாவிட்டால் வீண். ஈகைக்கு இல்லாதவன் ஒருவன் எப்போதும் இருந்தாக வேண்டும். கடைக்கு அப்படியில்லை. மழை பெய்து ஊர் செழித்தால் கடையில் கூட்டம் கூடும்.

வெசாக் தன்சலிலும், நோன்புக் காலத்துப் பள்ளிவாசல் கஞ்சியிலும், கோயில் திருவிழா அன்னதானத்திலும் நான் கை நனைத்திருக்கிறேன். மூன்றும் புண்ணியமே. ஆனால் அங்கே பருப்பில் உப்பில்லை என்று யாரும் சொல்வதில்லை. கடையில் காசு வைத்தவன் சொல்வான், முதலாளியும் உப்பைக் கொண்டுவந்து வைப்பார். ஒரு தோட்டத் தொழிலாளி இந்த ஊரில் குறை சொல்லி, அதை உடனே ஒருவர் காதில் வாங்கும் இடம் வேறு எத்தனை இருக்கிறது?

புத்தர் உபாசகன் செய்யக் கூடாதென்று விலக்கிய வியாபாரங்கள் ஐந்து: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. சோறு அதில் இல்லை. அளவில் குறைப்பவர்களைக் கண்டிப்பதற்கென்றே குர்ஆனில் ஒரு அத்தியாயம் இருக்கிறது. எனக்கு இதுதான் சரியான இடமாகப் படுகிறது. விற்பதில் பாவமில்லை, அளவிலும் விலையிலும்தான் பாவ புண்ணியம் வருகிறது. 2022இல் காஸ் கிடைக்காமல், கோதுமை மா விலை ஏறியபோது, விலையைச் சொல்லாமல் ரொட்டியைச் சின்னதாக்கிய கடைகளும் உண்டு. விலையை வெளிப்படையாக ஏற்றி, ரொட்டியைப் பழைய அளவிலேயே போட்ட கடைகளும் உண்டு. இரண்டாமவர்களே தர்மவான்கள். 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாவாகத் தீர்மானிக்கப்பட்ட ஒரு தொழிலாளி, யோசிக்காமல் ஒரு பிளேட் சோறு கேட்க முடிகிற விலைதான் நியாயமான விலை.

ஆனால் அந்த மலிவை யார் சுமக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கொழும்புச் சாப்பாட்டுக் கடைகளில் மேசை துடைக்கவும் கொத்து போடவும் போன எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர். தூங்குவதும் கடைக்குள்ளேதான். அவர்கள் கூலியில் பிடித்து மலிவாக்கிய சோறு, அந்தக் காலத்துத் தோட்டத்து அரிசிக்குச் சமம். வாளியோடு வரும் முதலாளி தன் லாபத்தில் குறைத்துப் போடுகிற இரண்டாம் சோறு வேறு.

லூல்கந்துர பார்க்கக் கலஹா வழியாக வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பார்சல் கட்டி வராதீர்கள். டவுனில் இறங்கி, வாங்கில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். எழுந்திருக்கும் முன், தட்டெடுக்கிற பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று முதலாளியிடமே கேளுங்கள்.