ஆலயக் கோபுரத்தில் அலைபரப்பி: கடத்துபவர்க்குப் பொறுப்பு உண்டா?

இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள நார்ஃபோக் பெரும்பாலும் சமவெளி நிலமாகும். வயல்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் அதன் சிற்றூர்கள் பலவற்றில், இடைக்காலத்தில் எழுப்பப்பட்ட கல் ஆலயத்தின் கோபுரத்தைவிட உயரமான கட்டடம் வேறொன்றும் இல்லை. கம்பிவழி இணையம் எட்டாமலும் கைப்பேசி அலை மெலிந்தும் கிடந்த இவ்வூர்களுக்காக, 2011ஆம் ஆண்டில் நார்விச் திருமண்டலம், அதாவது ஆங்கிலிக்கன் திருச்சபையில் ஒரு பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி, ஆலயக் கோபுரங்களில் கருவிகளைப் பொருத்தி இணைய அலையை ஊர்விட்டு ஊர் கடத்தும் 'வைஸ்பயர்' என்னும் முயற்சியில் இறங்கியது. 2018 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையும் பிரிட்டிஷ் அரசும் இதே நோக்கில் நாடு முழுமைக்கும் பொருந்தும் உடன்பாடு ஒன்றைச் செய்துகொண்டன. அத்திருச்சபைக்குரிய ஆலயங்கள் ஏறத்தாழ 16,000. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு நாட்டுப்புறத்தில் உள்ளன என்பதால், அரசு இக்கோபுரங்களை நாடியது வியப்புக்குரியதன்று. வியப்புக்குரியது, பொறியியலாளர் எளிதில் முடித்துவிட்ட இவ்விவகாரம் திருச்சபையின் நீதிமன்றங்களில் ஒரு மெய்யியல் வினாவாக ஏற்கெனவே எழுந்திருந்தது என்பதே: வழிபாட்டுக்கென அர்ப்பணிக்கப்பட்ட கட்டடம், தன்னால் அறியவோ தெரிந்தெடுக்கவோ இயலாத செய்திகளைக் கடத்தும்போது, அச்செய்திகளின் தீமையில் அதற்குப் பங்கு உண்டா?

வினாவின் எடையை உணர, கோபுரம் ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். வானொலி அலை ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை அலைவெண் என்பர். அது உயர உயரக் கூடுதலான தரவை அனுப்ப இடம் கிடைக்கிறது, ஆயினும் சுவரையும் இலைத்தொகுதியையும் ஊடுருவும் திறன் குறைகிறது. 800 மெகாஹெர்ட்ஸ் அளவிலான கைப்பேசி அலை நெடுந்தொலைவு செல்வதும், 5 கிகாஹெர்ட்ஸ் அளவிலான வைஃபை அலை அடுத்த அறைக்குள்ளேயே தளர்ந்துவிடுவதும் பெரிதும் இதனாலேயே. உயர் அலைவெண்ணில் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு அனுப்பும்போது இரு முனைகளும் ஒன்றையொன்று நேரே காண வேண்டும் என்பதோடு, அந்நேர்கோட்டைச் சூழ்ந்த வெளியும் மரமோ கூரையோ குறுக்கிடாமல் திறந்திருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தருவது உயரம். மணிகள் தொங்கும் அறையின் மரச் சாய்தட்டிகளை எடுத்துவிட்டு, தோற்றத்தில் அவற்றையே ஒத்த கண்ணாடியிழைத் தட்டிகளைப் பொருத்தினால் அலை தடையின்றி வெளியேறும், கட்டடத்தின் பழைய வடிவமும் கெடாது.

வீட்டின் நிலை வேறு. தடித்த கற்சுவர் கொண்ட பழைய வீட்டினுள் அலை நுழையத் தயங்குமாகையால், கோபுரத்தை நோக்கிய சிறு ஆன்டெனாவைக் கூரையில் நிறுவி, அங்கிருந்து கம்பியை உள்ளே இறக்கி, ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதியில் திறந்த இடத்தில் வைப்பது பயன் தரும். தொலைவான அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மேலானது. அலையை வாங்கி அதே தடத்தில் மீண்டும் அனுப்பும் எளிய ரிப்பீட்டர் ஏறத்தாழ பாதி வேகத்தை விழுங்கிவிடுவதால், கம்பியால் இணைத்த இரண்டாவது நிலையமே சிறந்தது. சாலையில் செல்வோர்க்கு இத்தகைய வாய்ப்புகள் குறைவு. வண்டியின் உலோகக் கூடு அலையை மெலிவிக்கிறது என்பதால், கூரைமேல் ஆன்டெனா பொருத்தி மெலிந்த அலையைச் சற்று வலுவாகப் பெறலாம். ஆனால் அலையே இல்லாத இடத்தில் எந்த ஆன்டெனாவும் உதவாது. வீட்டுக் குறையை வீட்டார் தம் கையாலேயே பெரிதும் நீக்கிக்கொள்ள இயலும். வழிப்போக்கரோ, தமக்கு முன்பின் அறிமுகமற்ற யாரோ ஒருவர் தம்மிடமுள்ள உயரத்தைத் தர இசைவதையே நம்பியிருக்க வேண்டும். அறவியல் வினா தொடங்குவது இவ்விடத்தில்தான்.

இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் செய்வதாயின், 'ஃபேக்கல்ட்டி' எனப்படும் அனுமதியைத் திருமண்டல நீதிமன்றத்தில் பெற வேண்டும். அதன் நீதிபதி சான்சலர் எனப்படுவார். இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், லண்டனின் வடகிழக்கிலுள்ள சிங்ஃபோர்டு புனித பேதுரு-பவுல் ஆலயத்தில் கைப்பேசி நிலையம் அமைக்க வந்த விண்ணப்பத்தை, ஆலயத்திலிருந்து ஆபாசப் படங்கள் கடத்தப்பட நேரும் என்னும் காரணத்தால் செம்ஸ்ஃபோர்டு திருமண்டலச் சான்சலர் மறுத்தார். கேன்டர்பரி மாகாணத்தின் மேல்முறையீட்டு மன்றமான ஆர்ச்சஸ் நீதிமன்றம் அம்மறுப்பை நீக்கி அனுமதி வழங்கியது.

இத்தகைய வழக்குகளில் அனுமதிக்குச் சார்பாக வழக்கமாகச் சொல்லப்படும் வாதம் விகிதம் பற்றியது: கடத்தப்படுவனவற்றுள் தீயது சிறுபகுதியே, பெரும்பகுதி பயனுடையது அல்லது தீங்கற்றது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதம் மெய்யியல் நோக்கில் நலிவானது. பங்கு பெறுதல் தவறு எனில் நூற்றில் ஒரு பங்கும் தவறே. தவறில்லையெனில் நூற்றில் ஐம்பதும் அதனால் மட்டும் தவறாகிவிடாது. தவிரவும், விகிதம் நாளை மாறக்கூடும். அம்மாற்றத்தை அளந்து காணும் வழி எந்த ஆலயக் குழுவிடமும் இல்லை. மறுத்த சான்சலரின் கூற்றில் ஒரு நேர்மை இருந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: 'யாம் வெறும் குழாய், ஓடுவது எதுவோ யாம் அறியோம்' என்று சொல்லிக் கைகழுவுவதை அவர் ஏற்கவில்லை.

இவ்விடத்தில் கூடுதலாக உதவுவது, ஆங்கிலிக்கன் மரபுக்கு வெளியே, கத்தோலிக்க அறவியலில் ஆல்ஃபோன்சுஸ் லிகோரி (1696–1787) தெளிவாக்கிய ஒரு வேறுபாடாகும். பிறர் செய்யும் தீமைக்கு உடந்தையாதல் இருவகைப்படும். தீமை செய்வோரின் நோக்கத்தைத் தானும் விரும்பித் துணைநிற்பது உளமொத்த உடந்தை. அந்நோக்கத்தை விரும்பாமலே, தான் செய்யும் வேறொரு செயல் அவருக்குப் பயன்பட நேர்வது செயலளவிலான உடந்தை. முன்னது எப்போதும் குற்றம். பின்னது குற்றமாகுமா என்பது, அச்செயல் தீமையிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறது, அதைச் செய்வதற்கு எத்துணை வலிய காரணம் உள்ளது என்பனவற்றைப் பொறுத்தது. கோபுரத்தை வாடகைக்கு விடும் ஆலயத்துக்கும் எங்கோ ஒரு திரையில் ஓடும் படத்துக்கும் இடையே கைப்பேசி நிறுவனம், உள்ளடக்கத்தைத் தயாரித்தவர், அதைத் தேடி எடுத்தவர் எனத் தாமே முடிவெடுக்கும் மாந்தர் பலர் நிற்கின்றனர். வடிகட்டும் ஆற்றலும் நிறுவனத்தின் கையில் உள்ளதே ஒழியக் கல்லின் கையில் இல்லை. எனவே உடந்தை மிகத் தொலைவானது. எஞ்சுவது காரணத்தின் வலிமை.

நார்ஃபோக்கின் வடகரையிலுள்ள பிளேக்னி ஊர் ஆலயத்துக்கு மேற்கில் ஒரு பெருங்கோபுரமும், ஆலயத்தின் கிழக்கு முனையில் மெலிந்த ஒரு சிறுகோபுரமும் உண்டு. பின்னது கடலோடிகளுக்கு வழிகாட்டும் விளக்கேற்றப் பயன்பட்டதென்று நெடுங்காலமாகக் கருதப்படுகிறது. அவ்வொளி மீனவருக்கும் வணிகருக்கும் வழிகாட்டியதைப்போலவே, வரியை ஏய்த்துச் சரக்கு கடத்தியவர் எவரேனும் அவ்வழி வந்திருந்தால் அவருக்கும் வழிகாட்டியிருக்கும். அதனால் விளக்கை அணைத்திருக்க வேண்டும் என்று எவரும் வாதிடார். கரை தெரியாமல் அழிவோரைக் காப்பது அத்துணை வலிய காரணம் என்பதை அவ்வூரார் அறிந்திருந்தனர். பனி மூடிய சாலையோரத்தில் வண்டி கவிழ்ந்தவர் மருத்துவ வண்டியை அழைக்க முனைவதும், தனியே வாழும் முதியவர் மகளுடன் பேச முனைவதும் இதே வகைக் காரணங்களாகும். பொழுதுபோக்குக்காக வேகமான இணையம் கேட்பதை அவற்றோடு சேர்த்து எண்ணுவது மிகை.

புனிதம் என்பதே உலகியல் பயன்பாட்டை விலக்குகிறதே என்னும் எதிர்வாதம் ஒன்று உண்டு. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களின் தூய்மையையும் புனிதத்தையும் காக்கும்பொருட்டு உள்ளே கைப்பேசியைத் தடைசெய்யுமாறு ஆணையிட்டது இங்கு நினைவுக்கு வரலாம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல: மதுரை ஆணை காப்பது வழிபடுவோரின் மனவொருமையை, சிங்ஃபோர்டு வினாவோ வழிபாட்டைத் தொடாத, மணியறையின் தட்டிக்குப் பின்னால் ஓசையின்றி நிகழும் ஒன்றைப் பற்றியது. இடைக்கால இங்கிலாந்தில் ஆலயத்தின் நடுக்கூடம் ஊர்க்கூட்டத்துக்கும் விருந்துக்கும் இடமளித்தது என்பதையும் கருதினால், உலகியலை அறவே விலக்கிய புனிதம் அக்கட்டடங்களின் வரலாற்றில் பிற்காலக் கற்பனை என்றே தோன்றுகிறது.

வாடகையைப் பற்றியும் ஒரு சொல். கூரை ஒழுகும் சிற்றூர் ஆலயத்துக்கு அவ்வருவாய் சிறிதன்று. ஆனால் 2017 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பிரிட்டனின் மின்னணுத் தொடர்பியல் விதித்தொகுப்பு நில உடைமையாளர் பெறக்கூடிய தொகையை வெகுவாகக் குறைத்துவிட்டது. அனுமதிக்கு வருவாயே காரணம் என்றிருந்தால் அக்காரணம் இப்போது மெலிந்துவிட்டது. லிகோரியின் அளவுகோலில் அது முன்னரும் வலிய காரணமாக நின்றிருக்காது.

ஆகவே ஆர்ச்சஸ் நீதிமன்றம் அனுமதி வழங்கியது சரியே. ஆனால் அதைத் தாங்க வேண்டியது விகிதக் கணக்கன்று, அலையின்றித் தவிப்போரின் தேவையாகும். அத்தேவையே காரணம் எனில், ஏற்கெனவே நல்ல இணைப்புள்ள நகரத்தில் மேலும் ஒரு நிறுவனத்துக்கு இடம் கேட்டுவரும் விண்ணப்பத்தையும், அவ்வாலயத்தின் ஊழிய எல்லைக்குட்பட்ட குக்கிராமத்தை அலை எட்டாமல் விட்டுவிட்டு நெடுஞ்சாலையை மட்டும் நோக்கும் திட்டத்தையும் மறுக்கும் உரிமை ஆலயக் குழுவுக்கு உண்டு. அவ்வுரிமையை அது தயங்காமல் பயன்படுத்தவும் வேண்டும்.