படகுக்குக் காத்திருந்தவர்கள்

இத்தாலிக்குப் பத்து நாள் போகிறவர்களுக்கு, புதைந்த ஊர்களைப் பார்க்கப் பெரும்பாலும் ஒரு பகல்தான் மிஞ்சும். அந்தப் பகலைப் பொம்பெய்க்குக் கொடுப்பதா, ஹெர்குலேனியத்துக்குக் கொடுப்பதா? இரண்டும் கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை விழுங்கிய ஊர்கள். நேபிள்ஸிலிருந்து சொரெண்டோ போகும் ரயிலில் ஹெர்குலேனியத்துக்கு இறங்கவேண்டிய எர்கொலானோதான் முதலில் வரும். கூட்டம் அதைத் தாண்டிப் பொம்பெய்க்குப் போகிறது. ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை என்று 2024 நவம்பரில் அங்கே வரம்பு கட்டவேண்டி வந்தது.

பொம்பெய் பெரிய ஊர். ரோமானிய நகரம் ஒன்றின் முழு அளவைக் காலால் நடந்து உணர அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் பலரை அங்கே இழுப்பது தெருக்கள் அல்ல, உடல்கள். இறுகிய சாம்பலுக்குள் உடல்கள் மக்கிப்போய் வெற்றிடங்கள் மிஞ்சின. 1863இல் தொல்லியலாளர் ஜுசெப்பே ஃபியோரெல்லி அவற்றுக்குள் சாந்து ஊற்றி, இறந்தவர்களின் வடிவத்தை மீட்டார். ஆய்வுக்கு அது பெரும் கொடை. ஆனால் ஒருவருடைய கடைசி மூச்சின் முன்னால் கைபேசியைத் தூக்கிப் பிடிக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? நம் வீட்டுச் சாவில் அந்நியர் ஒருவர் அப்படிச் செய்தால் பொறுப்போமா? ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு கடந்துவிட்டதால் அது துக்கம் இல்லை என்று ஆகிவிடாது.

ஹெர்குலேனியத்திலும் சாவுதான் இருக்கிறது. ஆனால் அங்கே வாழ்வைக் கடந்துதான் சாவிடம் போய்ச் சேருகிறோம். ஏறக்குறைய 20 மீட்டர் ஆழத்துக்கு ஊரை மூடிய சூடான எரிமலைப் படிவு மரத்தைச் சாம்பலாக்காமல் கரியாக்கிக் காத்தது. ஒரு வீட்டுக்குள் மரத்தடுப்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. கட்டிலும் குழந்தைத் தொட்டிலும் கிடைத்தன. ரொட்டி ஒன்று கிடைத்தது. குவிண்டஸ் கிரானியஸ் வேருஸின் அடிமை செலர் என்ற முத்திரை அதில் இருக்கிறது. அரசர்களின் கல்வெட்டு எதையும்விட அந்த ரொட்டி என்னை அதிகம் கலங்க வைத்தது. தோண்டிய பள்ளத்தின் விளிம்பில் இன்றைய எர்கொலானோ வாழ்கிறது. அதற்கு அடியில் பழைய ஊரின் பெரும்பகுதி இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது.

நெடுங்காலம் இங்கே எலும்புகள் அதிகம் கிடைக்கவில்லை. ஏறக்குறைய எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்றே அறிஞர்கள் நம்பினார்கள். 1980 முதல் பழைய கடற்கரையைத் தோண்டியபோது படகுக் கொட்டில்களிலும் மணலிலுமாக ஏறக்குறைய 300 பேர் கிடைத்தார்கள். கொட்டில்களுக்குள் பெண்களும் குழந்தைகளும் அதிகம். ஆண்கள் பலர் வெளியே மணலில் கிடந்தார்கள். நகையும் காசும் கையோடு எடுத்து வந்திருந்தார்கள். சிலரிடம் வீட்டுச் சாவி இருந்தது. திரும்பி வருவோம் என்று நம்பிப் பூட்டியவர்கள் அவர்கள்.

ஒரு பகல்தான் இருக்கிறது என்றால் எர்கொலானோவில் இறங்குங்கள். முதலில் வீடுகளுக்குள் போங்கள், கடைகளில் நில்லுங்கள். கரைக்குக் கடைசியாக இறங்குங்கள். கொட்டில்களில் இன்று கிடப்பவை அந்த எலும்புகளின் நகல்கள்தான். ஆனாலும் கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். அவர்கள் படகை எதிர்பார்த்து நின்ற இடத்தில் இப்போது கடல் இல்லை. எரிமலைப் படிவு நிரப்பியதில் அது சில நூறு மீட்டர் தள்ளிப் போய்விட்டது.